ஏரி காத்த ஆறு பேர்

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் இடுப்பில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, முகத்தைச் சற்றே திருப்பியபடி நிற்கிறார். பாதாளத்துக்குப் போன பூமியைத் தோண்டி எடுத்து வந்த களைப்பு அவர் முகத்தில் இல்லை. ஆனால் களைத்தார் என்று ஸ்தல புராணம் சொல்கிறது. அவர் திருமேனியிலிருந்து வழிந்த வியர்வைதான் கோயில் குளமாகிய நித்ய புஷ்கரிணி என்பது ஐதீகம். மண்ணை வெட்டியவன் வியர்வையில் குளம் உண்டாயிற்று என்று ஒரு புராணம் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மற்றப் புராணங்களில் குளங்கள் வெறும் சங்கல்பத்தாலேயே தோன்றிவிடுகின்றன!

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளைப் பார்க்கப் போனவன் நான். அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணம் வந்து பெருமாளைச் சேவித்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருக்க வேண்டும். வீராணம் ஏரி தென்கிழக்கே அதிக தூரமில்லை என்று யாரோ சொன்னார்கள். வீராணம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்க் கதை படிக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கும், குதிரைமேல் வந்தியத்தேவனும், கடல் போன்ற ஏரியும் கண்முன் வந்துவிடும். பஸ் பிடித்து லால்பேட்டைக்குப் போய்க் கரைமேல் ஏறினேன்.

குதிரை இல்லை. ஏரி இருந்தது. கரை சுமார் 16 கிலோமீட்டர் நீளம். முதற் பராந்தக சோழன் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெட்டியது. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப் பெயர்தான் தேய்ந்து வீராணமாயிற்று. அவன் மகன் ராஜாதித்தன் தன் படைவீரர்களை வைத்து வெட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த ராஜாதித்தன் 949-ல் தக்கோலப் போரில் யானைமேலிருந்தபடியே மாண்டான். அவன் போர் தோல்வியில் முடிந்தது. அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஏரியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது.

ஏரியை வெட்டுவது ராஜாவின் காரியம். அதைக் காப்பது யார் காரியம்? சரித்திரப் புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு அதிக இடம் கொடுப்பதில்லை. ஆனால் அதே பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு இதற்கு விடை சொல்கின்றன. காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அவை இருக்கின்றன. 919-லும் 921-லும் பொறித்தவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இப்படிப் பொறுக்கியவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். அவர்கள் பதவி 360 நாட்கள்.

யார் யார் நிற்கக்கூடாது என்ற பட்டியல்தான் எனக்குச் சுவையாக இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவனோடு போகவில்லை, அவனுடைய சிற்றப்பன், பெரியப்பன், மாமன், மைத்துனன் என்று உறவுமுறை முழுவதையும் தள்ளிவைத்தார்கள். முந்திய மூன்று வருஷங்களில் பதவி வகித்தவனுக்கும் இடமில்லை. ஏரியின் பகைவன் வறட்சி மட்டுமல்ல, கணக்கு எழுதுகிறவனும்தான் என்பதை ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விட நான் தயாராயில்லை. வாரியத்தில் நிற்கக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். ஏரியில் இறங்கி வண்டலைக் கூடையில் சுமந்தவனுக்கு இவற்றில் எது இருந்திருக்கும்? ஏரிப்பட்டி என்று ஏரியின் பராமரிப்புக்கே நிலம் ஒதுக்கியவர்கள் பெரியவர்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் குடத்துக்குள் விழாத பெயர்களே கரையைக் கட்டின.

பின்னால் வந்த குடிமராமத்து என்ற வழக்கத்திலும் இதே கதைதான். அறுவடை முடிந்து ஏரி வற்றும் கோடையில், வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்கால் வெட்ட வேண்டும். மதகடியைத் தூர்வார வேண்டும். கரையின் கீறல்களை அடைக்க வேண்டும். நிலமுள்ளவன் தன் பண்ணையாளை அனுப்புவான். ஊர்க் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். இருந்தாலும் ஏரி நின்றது. ரயத்துவாரி முறை வந்து, ஒவ்வொருவனும் தன் பட்டாவுக்குத் தானே சர்க்காருக்குப் பொறுப்பு என்று ஆனபிறகு, ஊர்ப்பொது என்ற சொல்லே பலம் இழந்தது. ஆட்கள் வரவில்லை. இதற்குக் கம்பெனி சர்க்கார் கண்டுபிடித்த மருந்து 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். மனமொப்பிச் செய்துவந்த காரியத்தைக் கட்டாயமாக்கியதும், மனம் போயிற்று, காரியமும் போயிற்று.

கரைமேல் ஒரு மதகடியில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. "பாய், இந்தத் தண்ணீரெல்லாம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன்.

"வடவாறு கொண்டாருது தம்பி. கொள்ளிடத்துத் தண்ணி. அணைக்கரையிலே திறந்தா இங்கே வரும். திறக்கலேன்னா மழைதான்" என்றார்.

அணைக்கரை என்றதும் எனக்கு வேறொரு சங்கதி ஞாபகம் வந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அது. அதற்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பக்கத்திலிருந்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலிலிருந்து! 1855-ல் வெளிவந்த ஒரு குறிப்பு இதை வருத்தத்தோடு சொல்கிறது. ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள், அதுவும் நடக்கவில்லையாம்.

அந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திரன், தன் கங்கை வெற்றிக்கு நீரால் ஆன ஜயஸ்தம்பமாகச் சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். அந்த ஏரி பிற்காலத்தில் கரை உடைந்து, வறண்டு, காடு மண்டிப் போயிற்று. மூதாதையின் ஏரி பிழைத்தது. வழித்தோன்றலின் ஏரி பிழைக்கவில்லை. வழித்தோன்றலின் கோயில் மதிலைப் பெயர்த்துக் கட்டிய அணைதான் மூதாதையின் ஏரிக்கு இன்று தண்ணீர் அனுப்புகிறது. கதையில் நான் இப்படி எழுதினால், 'ரொம்பவும் ஜோடனை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பெரியவர் மேற்கே கை காட்டினார். அந்தப் பக்கம் கரை இல்லை, எதிர்வாய். "அங்கேருந்துதான் வண்டல் வருது. செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை. மழை பேஞ்சா சிவப்பாச் சுருட்டிக்கிட்டு வரும்."

ஜயங்கொண்டம் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து இறங்கும் ஓடைகள் அவை. அங்கே மரத்தை வெட்டினாலும், மண்ணைக் கிளறினாலும், இங்கே ஏரியின் வயிறு ஒரு அங்குலம் மேடாகும். ஆனால் அந்த மேட்டுக்காரர்களுக்கு வீராணத்தில் ஒரு குழி ஆயக்கட்டு உண்டா? கிடையாது. இந்த ஏரியைக் காக்க அவர்களுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்? உத்தரமேரூர் ஆறு பேருக்கு ஏரியும் அதன் கீழ்ப்பாசனமும் ஒரே சபையின் கண்பார்வையில் இருந்தன. அதனால் ஆறு பேர் போதும். வீராணத்துக்குத் தண்ணீர் வேறு ஜில்லாவிலிருந்து வருகிறது. வேறு ஜில்லாவுக்குப் போகிறது. 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியாக நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரையில் கொண்டுபோக ஏற்பாடு. முந்திய திட்டம் பாதியில் நின்றுபோய், ராட்சசக் குழாய்கள் சாலையோரத்தில் பல வருஷங்கள் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடித்தனம் செய்தார்கள். குடிப்பவன் ஓரிடத்தில், பயிர் செய்பவன் ஓரிடத்தில், மழை விழுவது மூன்றாவது இடத்தில். இந்த மூவரையும் ஒரு குடத்துக்குள் போட்டுக் குலுக்க எந்தச் சபையால் முடியும்?

முடிகிற இடங்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சாவூர்க் கடைமடையைப் புரட்டிப் போட்டது. தென்னையெல்லாம் சாய்ந்த பேராவூரணியில், மறுவருஷமே இளைஞர்கள் சிலர் சங்கமாகக் கூடி, 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். அயல்நாட்டில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களும் பணம் அனுப்பினார்கள். சர்க்காரும் 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்துத் திட்டமாக்கியது. அதில் வேலையைவிட விளம்பரப் பலகை பெரிது என்று சொல்பவர்களும் உண்டு, பயன் கண்டவர்களும் உண்டு. பேராவூரணியில் என் மனத்தைத் தொட்டது வேறு. நிலமுள்ளவனா, வேதம் படித்தவனா என்று அங்கே யாரையும் யாரும் கேட்கவில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "குளத்தைத் தூர்வாரலாம் தம்பி. ஓடையை யாரு பார்க்கறது?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சேத்தியாத்தோப்பு போகும் பஸ் கரைமேல் வந்துகொண்டிருந்தது. மேற்கே எதிர்வாயில் மேகம் கறுத்திருந்தது. பெரியவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதகின் திருகுக் கம்பியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார்.