பாணின் தூய்மையும் உழைப்பின் நேரமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

உணவு தயாரிக்கும் இடங்களை அரசு பரிசோதிக்கத் தொடங்கியமை அறிவியல் வளர்ச்சியினதும் மனிதாபிமானத்தினதும் விளைவு எனக் கூறுவது மரபு. இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் முழுமையானதுமன்று. யாருடைய நலன் கருதி எது பரிசோதிக்கப்பட்டது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. பேக்கரித் தொழிலின் வரலாற்றிலிருந்து இரு நிகழ்வுகளை இந்நோக்கிற் காண்போம்.

இலண்டன் பேக்கரித் தொழிலாளரின் முறைப்பாடுகளை ஆராய்ந்த ட்ரெமென்ஹீர், 1862இல் தமது அறிக்கையைச் சமர்ப்பித்தார். இரவு 11 மணியளவில் மாப் பிசையத் தொடங்கி மறுநாளும் நீளும் வேலை, வெக்கை நிறைந்த நிலத்தடி அறை, பிசைபலகையின் மீதே சிறுதுயில், வியர்வையும் சிலந்திவலையும் கலந்த மா ஆகியன அதனால் வெளிச்சத்துக்கு வந்தன. 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867), வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் இச்சான்றுகளை விரிவாகப் பயன்படுத்தினார். அறிக்கை பொதுமக்களிடம் தூண்டியது தொழிலாளர் மீதான இரக்கத்தை அன்று, தாம் உண்ணும் பாண் மீதான அருவருப்பையே என்பதை அவர் எள்ளலோடு கவனித்தார். 1863ஆம் ஆண்டுச் சட்டம் அவரது கணிப்பை உறுதிசெய்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுதல் கட்டாயமாயிற்று. 18 வயதுக்குக் குறைந்தோர் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வேலைசெய்வது தடுக்கப்பட்டது. வளர்ந்தோரின் இரவுழைப்போ தீண்டப்படவில்லை. பரிசோதனைப் பொறுப்பும் தொழிற்சாலைப் பரிசோதகரிடமன்றி உள்ளூர் அதிகாரசபைகளிடமே விடப்பட்டது.

இரண்டாவது நிகழ்வு இன்னும் தெளிவானது. 1895இல் நியூயோர்க் மாநிலம் இயற்றிய பேக்கரிச் சட்டம் வடிகால், கழுவுமிடம், உறங்குமிடம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தது. வேலைநேரத்தையும் நாளொன்றுக்கு 10 மணித்தியாலமாகவும் வாரத்துக்கு 60 மணித்தியாலமாகவும் வரையறுத்தது. லொக்னர் என்னும் முதலாளி தொடுத்த மேன்முறையீட்டில், 1905இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் நேர வரையறையை இரத்துச் செய்தது. அது ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு முரணானதாம். பாணின் தூய்மை தொழிலாளி எத்தனை மணித்தியாலம் உழைக்கிறான் என்பதிற் தங்கியிருக்கவில்லையாம். சுகாதாரப் பரிசோதனை விதிகளுக்கு அத்தீர்ப்பால் ஊறு நேரவில்லை. மாத்தூசு நுரையீரலைத் தாக்குவதை எடுத்துக்காட்டிய நீதிபதி ஹார்லனின் மாறுபட்ட தீர்ப்பு சிறுபான்மைக் குரலாகவே நின்றது.

நுகர்வோனின் வயிறு பாதுகாக்கப்பட வேண்டியதே. சுண்ணாம்பும் வடிகாலும் தொழிலாளிக்கும் பயனளித்தன என்பதை மறுத்தல் வரட்டுவாதமாகும். ஆனால் இலண்டனில் அழுக்கைப் பற்றிய அறிவு எங்கிருந்து பிறந்தது? வேலைநேரத்தைக் குறைக்கக் கோரிய தொழிலாளரின் வாக்குமூலங்களிலிருந்தே பிறந்தது. அவர்களது சாட்சியத்தைச் சமூகம் ஏற்றது, கோரிக்கையை ஒதுக்கியது. பண்டத்தைத் தூய்மையாக்குவதும் அதை ஆக்குவோனின் வாழ்வைச் சீராக்குவதும் வெவ்வேறு பணிகள் எனப் பிரித்தமையே முதலாளித்துவச் சீர்திருத்தத்தின் எல்லை. எந்தச் சமையலறையின் சுகாதார வரலாற்றை எழுதுவோரும் சுவரைப் பார்ப்பதோடு நில்லாது, கடிகாரத்தையும் பார்த்தல் வேண்டும்.