மன்னித்தவர்கள் கேட்ட மன்னிப்பு

கிறித்தவம் மன்னிப்பைப் போதிக்கும் சமயம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இயேசு கற்பித்த மன்றாட்டில் பிறரை மன்னிப்பதும் தாம் மன்னிக்கப்படுவதும் ஒரே வாக்கியத்தில் பிணைந்து கிடக்கின்றன. மலைப்பொழிவோ இன்னும் கடுமையானது. காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்பவனுக்குத் தன்மீது மனத்தாங்கல் கொண்ட சகோதரனின் நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகவேண்டும் என்கிறது. தனி மனிதர்க்கே கடினமான இக்காரியத்தை, போர் முடிந்து 20 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், ஒரு நாட்டின் ஆயர்கள் இன்னொரு நாட்டின் ஆயர்களிடம் செய்ய முயன்றார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிவை நெருங்கிய வேளை. 1966இல் போலந்து திருமுழுக்குப் பெற்றதன் ஆயிரமாவது ஆண்டு வரவிருந்தது. விழாவுக்கு அழைத்துப் பல நாட்டு ஆயர்களுக்கும் போலந்து ஆயர்கள் கடிதம் எழுதினர். அவற்றுள் ஜெர்மானியருக்கு 1965 நவம்பர் 18 நாளிட்டு எழுதியது வெறும் அழைப்பன்று. இரு நாட்டு உறவின் ஆயிரமாண்டு வரலாற்றைச் சொல்லி, ஆக்கிரமிப்பின் கொடுமைகளை எண்ணிச் சொல்லி, இறுதியில் தாங்கள் மன்னிப்பதாகவும் மன்னிப்புக் கேட்பதாகவும் அது கூறியது. வரைவை எழுதியவர் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் பணியாற்றிய பேராயர் போலெஸ்வாவ் கொமினெக். 1903இல், அன்று ஜெர்மன் பேரரசின் பகுதியாயிருந்த மேல் சிலேசியாவில் பிறந்தவர். அவர் வாழ்ந்த நகரமே 1945 வரை பிரெஸ்லாவு என்ற ஜெர்மன் நகரம். எல்லை மாறியதும் அங்கிருந்த ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். சோவியத் வசமான கிழக்குப் பகுதிகளில் வீடிழந்த போலந்துக்காரர் பலர் அங்கே வந்து குடியேறினர். கைவிடப்பட்ட வீடுகளுக்குள் வீடிழந்தவர்கள் புகுந்த ஊரில் இருந்துகொண்டுதான் கொமினெக் எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மன்னிப்பதாகச் சொன்னதைக்கூடப் பலர் பொறுத்துக்கொண்டிருப்பர். கேட்டதுதான் கொதிப்பை உண்டாக்கியது. அடிபட்டவன் எதற்காக மன்னிப்புக் கேட்பது? கம்யூனிஸ்டு அரசுக்கு இது வாய்ப்பாயிற்று. கடிதத்தின் சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பத்திரிகைகள் தாக்கின. 'மன்னிக்க மாட்டோம்' என்பது கோஷமாயிற்று. கர்தினால் விஷின்ஸ்கிக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1966 விழாவுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் வரவும் அனுமதி கிட்டவில்லை. கையொப்பமிட்டோருள் கிராக்கோ பேராயர் கரோல் வொய்திவாவும் ஒருவர், பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். போர்க்காலத்தில் அவர் கூலியாளாக உழைத்த சோல்வே ஆலையின் தொழிலாளர் பெயரிலேயே அவரைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் வெளியாயிற்று. ஆனால் அரசின் தூண்டுதல் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அவ்வரியைப் படித்துக் குமுறியிருந்தால், அதற்குக் கட்சி தேவையில்லை.

1966 பிப்ரவரியில் ஆயர்கள் தம் மக்களுக்கு விளக்கம் எழுதினர். ஒரு தேசமாகப் போலந்து மன்னிப்புக் கேட்கக் காரணமில்லை. எனினும் தகாத செயல் செய்த போலந்துக்காரர் ஒரே ஒருவர் இருந்தாலும் கேட்பதற்குக் காரணம் உண்டு என்றனர். சற்றே பின்வாங்கல்தான். ஆயினும் அந்த 'ஒரே ஒருவர்' என்னும் கணக்கை நாம் சிறிதாக எண்ணவில்லை. தன் பக்கத்துப் பிழையை எதிராளியின் பிழையோடு தராசில் வைத்துக் கழிக்காமல் தனியே பார்ப்பது அது.

இன்னொரு கேள்வி இவ்வளவு எளிதில் தீராது. கொல்லப்பட்ட 60 லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்துக் குடிமக்களில் பெரும்பாலோர் யூதர் என்று கடிதமே சொல்கிறது. அவர்கள் சார்பாக மன்னிக்கும் உரிமை கத்தோலிக்க ஆயர்களுக்கு எங்கிருந்து வந்தது? கடிதம் இதைத் தொடவில்லை. நமக்கு அது அக்கடிதத்தின் குறையாகவே படுகிறது.

1965 டிசம்பர் 5இல் வந்த ஜெர்மன் ஆயர்களின் பதில் நன்றி சொன்னது, நீட்டிய கையைப் பற்றியது. ஆனால் ஓடர்-நெய்ஸே எல்லையை ஏற்பதாகச் சொல்லவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் தாயக உரிமை பேசுவதில் ஆக்கிரமிப்பு நோக்கமில்லை என்று நயமாக நகர்ந்தது. விஷின்ஸ்கி ஏமாற்றமடைந்தார். மன்னிப்பதற்கு ஒருவர் போதும். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். (குறளில் உலக நடை அறிந்து உதவுதலைக் குறித்த 'ஒப்புரவு' என்ற சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர் பாவமன்னிப்பு அருட்சாதனத்துக்குப் பெயராக்கியது எத்தனை பொருத்தம்!)

1970 டிசம்பர் 7இல் மேற்கு ஜெர்மனி எல்லையை ஏற்று ஒப்பந்தம் செய்தது. அன்றுதான் அதன் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர் எழுச்சி நினைவிடத்தின் முன் மண்டியிட்டார். 1972இல் ரோமாபுரி மேற்குப் பகுதி மறைமாவட்டங்களைப் போலந்துத் திருச்சபைக்கு உரியனவாக முறைப்படுத்தியது. 1989 நவம்பர் 12இல், பெர்லின் சுவர் திறந்த மூன்றாம் நாள், ஹிட்லரை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்ட மோல்ட்கேயின் ஊரான கிஷிஷோவாவில் நடந்த திருப்பலியில் மசோவியெட்ஸ்கியும் ஹெல்முட் கோலும் அமைதி வாழ்த்துப் பகிர்ந்து தழுவிக்கொண்டனர். மறு ஆண்டு, ஒன்றிணைந்த ஜெர்மனி எல்லையை உறுதிசெய்து கையெழுத்திட்டது.

கொமினெக் 1974இலேயே காலமாகிவிட்டார். கடிதத்தின் நாற்பதாம் ஆண்டான 2005இல் வ்ரோத்ஸ்வாஃபில் அவருக்குச் சிலை வைத்து, ஒரு காலத்தில் தேசத்துரோகம் எனப்பட்ட அந்த வரியை அதில் பொறித்தார்கள், போலிஷிலும் ஜெர்மனிலும்.