சைபர்நெட்டிக்ஸ்: துறையும் அதன் சிந்தனையாளர்களும்

இயந்திரங்களிலும் உயிரினங்களிலும் சமூக அமைப்புகளிலும் தகவலும் கட்டுப்பாடும் எப்படிச் செயல்படுகின்றன என்பதை ஆராயும் துறை சைபர்நெட்டிக்ஸ். ஒரு செயலின் விளைவைக் கொண்டு அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் பின்னூட்டமே இதன் அடிப்படைக் கருத்து. அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் (1894–1964) 1948இல் வெளியிட்ட நூல் இத்துறைக்குப் பெயரையும் வடிவத்தையும் தந்தது.

முன்னோடிகள்

ஜேம்ஸ் வாட் 1788இல் தம் நீராவி எஞ்சினில் ‘கவர்னர்’ என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினார். வேகம் கூடினால் சுழலும் குண்டுகள் விலகி உயர்ந்து நீராவி வால்வைக் குறுக்கும். குறைந்தால் தாழ்ந்து அதைத் திறக்கும். இத்தகைய கருவிகள் எப்போது நிலைகுலையாமல் இயங்கும் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் கணிதமுறையில் ஆராய்ந்தார்.

தோற்றம்

இரண்டாம் உலகப்போரின்போது வீனரும் பொறியாளர் ஜூலியன் பிகலோவும் விமான எதிர்ப்புப் பீரங்கிக்காக, பறக்கும் விமானம் அடுத்து எங்கிருக்கும் எனக் கணிக்கும் கருவியை உருவாக்க முயன்றனர். அது போர்க்களத்தை எட்டவில்லை. ஆனால், குறி தப்பிய அளவைக் கொண்டே குறியைத் திருத்தும் முறை, நரம்பு மண்டலம் கையசைவைத் திருத்துவதை ஒத்திருப்பது அவர்களுக்குப் புலப்பட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த உடலியலாளர் ஆர்டுரோ ரோசன்புளூத்துடன் இருவரும் 1943இல் எழுதிய கட்டுரை, ‘நோக்கம்’ என்பதைப் பின்னூட்டத்தின் மூலம் விளக்கியது. அதே ஆண்டு வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும் நரம்பணுக்களின் வலையைத் தர்க்கக் கணக்காக வடித்தனர்.

மேசி அறக்கட்டளை 1946 முதல் 1953 வரை நடத்திய பத்து மாநாடுகளில் இக்கருத்துகள் துறை கடந்து பரவின. கணிதவியலாளர் ஜான் வான் நியூமன், மானிடவியலாளர்கள் கிரகரி பேட்சன், மார்கரெட் மீட் ஆகியோர் அவற்றில் பங்கேற்றனர். பிரிட்டனில் மனநல மருத்துவர் ராஸ் ஆஷ்பி, குலைந்த சமநிலையைத் தானே மீட்டுக்கொள்ளும் ‘ஹோமியோஸ்டாட்’ கருவியை அமைத்தார். சூழல் எத்தனை விதமாக மாறக்கூடுமோ, அதற்கு ஈடான வகைமை கட்டுப்படுத்தும் அமைப்பிடமும் வேண்டும் என்பது 1956இல் வெளிவந்த அவரது நூலின் முக்கிய விதி.

விமர்சனங்கள்

துறையின் முதல் விமர்சகர் வீனரே. ஏவுகணைப் பணிக்காகத் தம் போர்க்கால அறிக்கையைக் கேட்ட ஒருவருக்கு அதைத் தர மறுத்தார். அம்மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் வெளியானது. தானியங்கித் தொழிற்சாலைகளால் பெரும் வேலையிழப்பு நேரும் என்று 1949இல் தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதருக்கு எழுதினார்.

மெய்யியலாளர்கள் வேறு கோணங்களில் அணுகினர். பிரான்சின் கில்பர்ட் சிமோந்தோன் 1958இல், கருவிகளையும் பண்பாட்டின் பகுதியாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்று வாதிட்டார். ஜெர்மனியின் மார்ட்டின் ஹைடெக்கரோ, மெய்யியலின் இடத்தைச் சைபர்நெட்டிக்ஸ் பிடித்துவிட்டதாக 1966இல் அளித்த நேர்காணலில் கூறினார்.

அரசுகளின் கையில்

சோவியத் ஒன்றியம் தொடக்கத்தில் இதைப் போலி அறிவியல் என்று பழித்தது. 1955க்குப் பின் ஏற்றுக்கொண்டு, கீவ் நகரில் தனி ஆய்வு நிறுவனமே அமைத்தது. சிலியில் அயெந்தே அரசு பிரிட்டனின் மேலாண்மைச் சைபர்நெட்டிக்ஸ் வல்லுநர் ஸ்டாஃபர்ட் பீரை 1971இல் அழைத்தது. அவர் வழிகாட்டிய ‘சைபர்சின்’ திட்டத்தில், தேசியமயமான ஆலைகளின் உற்பத்தி விவரங்கள் டெலக்ஸ் வழியே சாண்டியாகோவை அடைந்தன. 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சரக்குப் போக்குவரத்தைச் சமாளிக்க அரசுக்கு இந்த டெலக்ஸ் வலையமைப்பு கைகொடுத்தது. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சியோடு திட்டம் முடிந்தது.

பிற்கால நிலை

1956இல் நடந்த டார்ட்மத் ஆய்வரங்கத்துக்குப் பெயரிட்ட கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி, சைபர்நெட்டிக்ஸிலிருந்து விலகி நிற்பதற்காகவும் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயரைத் தேர்ந்தார். பின்னூட்டக் கருத்து கட்டுப்பாட்டுப் பொறியியல், சூழலியல், மேலாண்மை ஆகியவற்றில் கலந்துவிட, தனித்துறை என்ற நிலை தேய்ந்தது. ஆயினும், இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் இலக்கு நாம் உண்மையில் விரும்பும் இலக்குதானா என உறுதிசெய்ய வேண்டும் என்று வீனர் 1960இல் ‘சயின்ஸ்’ இதழில் விடுத்த எச்சரிக்கை, இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு விவாதங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது.