ரயர் தாங்காத வேகம்: டொட்ஜ் சார்ஜர் டேய்ட்டோனாவின் கதை

பின்னால் 23 அங்குல உயரத்தில் ஒரு செட்டை. முன்னால் ஏவுகணை முனைபோல நீண்ட மூக்கு. 1969இல் அமெரிக்காவின் டொட்ஜ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட 'சார்ஜர் டேய்ட்டோனா'வை முதன்முறை பார்ப்பவர், யாரோ கராஜில் வைத்து ஒட்டிய வேலை என்றே நினைப்பார். மொத்தம் 503 கார்கள்தான் செய்யப்பட்டன.

அந்த எண்ணிக்கைக்குக் காரணம் பந்தய விதி. அப்போது நாஸ்கார் பந்தயத்தில் ஒரு மாதிரியை ஓடவிட வேண்டுமானால் அதில் குறைந்தது 500 கார்களைப் பொதுமக்களுக்கென உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. டொட்ஜ் அதைச் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டது.

சாதாரண சார்ஜரின் முகப்பு உள்நோக்கிக் குழிந்தது; பின் கண்ணாடியும் இரு தூண்களுக்கு நடுவே உள்வாங்கியிருந்தது. பார்வைக்கு அழகு. ஆனால் வேகம் கூடக்கூடக் காற்று அந்தக் குழிகளில் சிக்கிக் காரைப் பின்னுக்கு இழுத்தது. இரண்டையும் சமப்படுத்தி 'சார்ஜர் 500' என்ற மாதிரியைச் செய்தார்கள். அப்படியிருந்தும் 1969 பெப்ரவரியில் நடந்த டேய்ட்டோனா 500 பந்தயத்தை போர்ட் கார்தான் வென்றது.

அதன் பிறகே மூக்கும் செட்டையும் வந்தன. மூக்கு காற்றைப் பிளந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று மூக்கின் அடியிலிருந்த துவாரத்தால் உள்ளே போனது. அலுமினியச் செட்டையின் குறுக்குப் பலகை பின்சில்லுகளைத் தரையோடு அழுத்தியது; இரு தூண்களும் காரை நேராக ஓட வைத்தன. டிக்கி திறப்பதற்காகவே செட்டையை இவ்வளவு உயர்த்தினார்கள் என்றொரு கதை உண்டு. எப்படியோ, டிக்கி மூடி அதன் அடியால் தாராளமாகத் திறக்கும்.

503இல் 70 கார்களுக்கு மட்டுமே 'ஹெமி' எஞ்சின் கிடைத்தது. எரிபொருள் எரியும் அறை அரைக்கோள வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். அந்த வடிவம் பெரிய வால்வுகளுக்கு இடம் தந்தது. காற்று தடையின்றி உள்ளே வந்து வெளியேறியது. 7 லீற்றர், 425 குதிரைவலு. மற்றக் கார்களில் 375 குதிரைவலுவுள்ள 440 கன அங்குல எஞ்சின்.

கார் தயார். ரயர்கள் தயாராக இல்லை.

1969 செப்டெம்பரில் அலபாமா மாநிலத்தின் டலடேகாவில் புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. சுற்று 2.66 மைல். தகுதிகாண் ஓட்டத்தில் ஒரு டேய்ட்டோனா மணிக்கு 199 மைலைத் தொட்டது. சில சுற்றுகளிலேயே ரயர்கள் கிழியத் தொடங்கின. ரிச்சர்ட் பெற்றி தலைமையில் சாரதிகள் அப்போதுதான் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். பந்தயத்தைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டார்கள். நாஸ்காரின் தலைவரும் அந்த ஓடுபாதையைக் கட்டியவரும் பில் பிரான்ஸ் என்ற ஒரே மனிதர். அவர் மறுத்தார். முப்பதுக்கு மேற்பட்ட சாரதிகள் வெளியேறினார்கள். உயிரைப் பணயம் வைப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் முடியாது என்று சொன்னது சாதாரண விடயமல்ல.

ஆனாலும் செப்டெம்பர் 14 பந்தயம் நடந்தது. நின்றவர்களையும் புதிதாகச் சேர்த்தவர்களையும் வைத்து நடத்தினார்கள். டேய்ட்டோனாவில் ஓடிய ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் வென்றார். நாஸ்காரின் முதல்தரப் பந்தயங்களில் அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. சங்கம் சில ஆண்டுகளில் கலைந்துபோனது.

1970 மார்ச் 24 அன்று அதே டலடேகாவில், சோதனை ஓட்டமொன்றில் படி பேக்கர் டேய்ட்டோனாவை மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஓட்டினார். கிலோமீற்றரில் ஏறத்தாழ 322. மூடிய ஓடுபாதையில் நாஸ்கார் கார் ஒன்று 200 மைலை அதிகாரபூர்வமாகத் தாண்டியது அதுவே முதல் தடவை.

அந்த ஆண்டே பிளிமத் நிறுவனம் 'சுப்பர்பேர்ட்' என்ற இன்னொரு செட்டைக் காரைக் கொண்டுவந்தது. போர்ட்டுக்குப் போயிருந்த பெற்றி இந்தக் காருக்காகவே திரும்பி வந்தார். 'கார்ஸ்' படத்தில் பிள்ளைகள் பார்த்த நீல நிற 'கிங்' இதுதான், குரலும் பெற்றியுடையது. ஆனால் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு இந்த முகம் பிடிக்கவில்லை. சில முகவர்கள் மூக்கையும் செட்டையையும் கழற்றிவிட்டு விற்றார்கள்.

1971இல் செட்டைக் கார்களின் எஞ்சின் 305 கன அங்குலத்துக்கு மேற்படக் கூடாது என்று நாஸ்கார் விதித்தது. அதாவது 7 லீற்றர் 5 ஆகியது. அந்த ஆண்டு டேய்ட்டோனா 500இல் டிக் புரூக்ஸ் என்ற சாரதி மட்டும் சிறிய எஞ்சினோடு ஒரு டேய்ட்டோனாவைக் கொண்டுவந்தார். ஏழாவதாக வந்தார்.