கஸ்டம்ஸ் டு ஐஎஸ்எல்: கொல்கத்தாவின் சின்ன அணி வீரர்கள் மேலே போவது எப்படி?

2024 டிசம்பர் 31. ஹைதராபாத்தில் சந்தோஷ் டிராபி ஃபைனல். 90 நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. கடைசி நேரத்தில் ராபி ஹன்ஸ்தா அடித்த ஒரே கோலில் கேரளாவை வென்றது மேற்கு வங்கம். தொடரில் அவர் அடித்தது 12 கோல்.

யாருங்க இவர்?

மோகன் பகானும் இல்லை, ஈஸ்ட் பெங்காலும் இல்லை. கொல்கத்தா லீக்கில் கஸ்டம்ஸ் அணிக்கு ஆடியவர். ஃபைனல் முடிந்த சில வாரங்களிலேயே முகமதன் ஸ்போர்ட்டிங் அவரை ஐஎஸ்எல்லுக்கு எடுத்துக்கொண்டது.

கொல்கத்தா லீக்கில் என்ன ஸ்பெஷல்?

1898-ல் தொடங்கிய இது, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்து லீக். கஸ்டம்ஸ், ரயில்வே, போலீஸ் என அலுவலக அணிகளும் ஆடும். ஆனால் பட்டம் பெரும்பாலும் மூன்று பெரிய கிளப்புகளுக்குத்தான். 1958-ல் ஈஸ்டர்ன் ரயில்வே ஜெயித்த பிறகு, இந்த மூன்றைத் தாண்டி இன்னொரு அணி ஜெயிக்க 61 வருஷம் ஆனது: 2019-ல் பீர்லெஸ்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2023 முதல் இந்த லீக்கின் பிரீமியர் டிவிஷனில் வெளிநாட்டு வீரர்கள் கிடையாது. உள்ளூர் ஸ்ட்ரைக்கர்களுக்கு ஆட இடம் கிடைக்கிறது.

அப்புறம் எங்கே சிக்கல்?

ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர் ஆடலாம். அந்த இடங்களைக் கிளப்புகள் பெரும்பாலும் கோல் அடிப்பவர்களுக்கே ஒதுக்குகின்றன. அதாவது, ராபியின் இடத்துக்குத்தான் போட்டி அதிகம். கோப்பை வென்ற அணிக்கு மாநில அரசு வேலை அறிவித்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். சின்ன அணி வீரருக்கு ஐஎஸ்எல் கனவு. மாசச் சம்பளம்தான் பாதுகாப்பு.