தமிழ் நெடுங்கணக்கும் கணினிக் குறியீடும்

எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தும் மாறி வந்துள்ளமையைத் தமிழ் வரலாற்றில் காண்கின்றோம். எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாது எழுதினர். ஓலை கிழியும் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படும். எகர ஏகாரங்களும், ரகரமும் காலும் வேறுபாடின்றி நின்றமையால் ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் எய்திய இடர் பெரிது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வடிவங்களைத் திருத்தினார். பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. இவையெல்லாம் வரிவடிவத்தளவில் நிகழ்ந்தவை. கணினியால் நேர்ந்ததோ வேறு வகையினது; எழுத்தெனப்படுவது யாது என்னும் இலக்கண வினாவையே அது மீண்டும் எழுப்பிற்று.

கணினி வடிவத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆகலின் எழுத்துக்கு எண் வகுத்தல் இன்றியமையாததாயிற்று. தொடக்கத்தில் ஆளுக்கொரு முறை வகுத்தனர். ஒரு முறையில் எழுதிய மடலை வேறு முறையில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் அறிஞர் கூடி இதற்குத் தீர்வு நாடினர். திஸ்கி, தாம், தாப் என்னும் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அம்முயற்சிகளின் காலத்தன. இவற்றுள் விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகள் யூனிகோடு எனப்படும் ஒருங்குறிக்கு வழிவிட்டன.

ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. அதன் அடிப்படை, இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையில் அடக்க முயன்ற இஸ்கி முறையாகும். ஆதலின் ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே, தமிழில் இல்லாத மூன்றெழுத்துகளுக்குரிய வெற்றிடங்கள் இன்றும் உள்ளன. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எண்வரிசையை அப்படியே கொண்டால் அகராதி வரிசை பிறழும். அதனைச் சீராக்கத் தனி விதிகள் வேண்டியவாயின.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. இலக்கண நெறிப்படி மெய்ம்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியிலோ ‘க’ என்பதற்கு ஓரெண். ‘க்’ என்பதற்குக் ககரமும் புள்ளியுமாக ஈரெண். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. பொறிக்கு ஐந்து குறி. இது தமிழுக்கு இழைத்த தீங்கென ஒருசாரார் உரைப்பர். அத்துணை கடிந்துரைத்தல் வேண்டாவெனக் கருதுகின்றோம். புள்ளி நீங்கிய மெய்வடிவே அகரமேறிய உயிர்மெய்க்கு வடிவாதல் தொன்றுதொட்ட வழக்கு. ஒருங்குறி பின்பற்றியது எழுதும் கையின் ஒழுங்கை. ஒலியின் பிறப்பு முறையை அன்று. உயிர்மெய் ஒவ்வொன்றற்கும் தனியெண் அளித்த டேஸ்16 முறையை, ஒருங்குறியோடு சேர்த்து 2010இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. எனினும் அது பெருவழக்குப் பெறவில்லை.

ஆராய்ச்சி நெறி மாறியதே எம்மனோர்க்கு முதன்மையான செய்தி. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதினர். ஆண்டுக்கணக்கில் சொல்லடைவு தொகுத்தோர் செய்த பணியை மாணவர் இன்று நொடியில் முடிக்கின்றனர். பயன் பெரிதே. ஆயினும் ‘பொன்’ எனத் தேடுவார்க்குப் ‘பொற்குடம்’ அகப்படாது. புணர்ச்சி அதனை மறைத்துவிடும். இதனை உணராது, ஒரு சொல் ஒரு நூலில் இல்லையெனத் துணிதல் எளிதாயிற்று.

மற்றோர் இழப்பும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பாட வேறுபாடுகளையும் காட்டினார். மின்படிகளிற் பெரும்பாலானவை ஒரு பாடத்தையே தருவன. திரையிற் கண்டதே மூலம் எனப் பயில்வார்க்கு, அப்பாடம் பதிப்பாசிரியர் தேர்ந்தெடுத்தது என்பதே தெரியாது போகும். இவ்விழப்பு பொறியின் குறையன்று. அடிக்குறிப்புகளையும் உடன் தட்டெழுதியிருப்பின் அவையும் தேடற்கு எளியவாயிருக்கும்.

2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் மா, காணி, முந்திரி முதலிய பின்னக்குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் சேர்ந்தன. முந்திரியாவது 320இல் ஒரு பங்கு. நிலக்கணக்குச் சுவடிகளை உள்ளபடியே பெயர்த்தெழுத இனித் தடையில்லை; அக்குறிகளைக் காட்டவல்ல எழுத்துருக்கள்தாம் இன்னும் சிலவே உள.