தாத்தா மாட்டிய வளையம்

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கில், கிராட்டோஸ் என்றொரு சின்ன ஊர். அங்கே ஜாக் கர்ரி என்பவர் தன் வீட்டருகே நின்ற மின்கம்பத்தில் ஒரு கூடைப்பந்து வளையத்தை மாட்டினார். பின்னால் ஒரு ஃபைபர் பலகை, கீழே கல்லும் மேடுபள்ளமுமாக மண்தரை. விடுமுறை நாட்களில் ஒரே மகன் டெல் சும்மா திரியாமல் இருக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அந்தத் தரையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியவில்லை. குறி தப்பினால் பந்து எங்கேயோ உருண்டது. துரத்திப் பிடித்து வர வேண்டியிருந்தது. ஓடவும் வழியில்லை, தப்பவும் மனமில்லை என்றால் மிச்சம் ஒன்றுதான்: நின்ற இடத்திலிருந்து நேராக வளையத்துக்குள் போடுவது. டெல் அதைக் கற்றுக்கொண்டார்.

ஆனால் அவரை முதலில் தேடி வந்தது கூடைப்பந்து இல்லை, பேஸ்பால். 1982இல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அணியும், 1985இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியும் அவரைத் தேர்வு செய்தன. இரண்டுக்கும் போகாமல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடினார் டெல். இங்கே காலம் அவரோடு கொஞ்சம் விளையாடியது. வளையத்திலிருந்து தள்ளி ஒரு வளைகோடு போட்டு, அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி என்ற விதி, கல்லூரி ஆட்டங்களில் நாடு முழுக்க 1986-87 பருவத்தில்தான் வந்தது. தூரத்திலிருந்து போடுவதற்கென்றே பிறந்த டெல், அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கல்லூரியை விட்டு வெளியேறியிருந்தார்.

தொழில்முறைப் போட்டிகளான என்பிஏவில் அந்தக் கோடு 1979 முதலே இருந்தது. நடுவில் வளையத்துக்கும் கோட்டுக்கும் 7.24 மீட்டர் தூரம். இருந்தும் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. முதல் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று முறைகூட அங்கிருந்து முயலவில்லை. கூடைப்பந்து உயரமானவர்களின் ஆட்டம், வளையத்துக்கு அடியில் ஜெயிப்பதுதான் ஆட்டம் என்று பயிற்சியாளர்கள் நம்பினார்கள். தூரத்திலிருந்து போடுகிறவரை பெஞ்சில் வைத்திருந்து, தேவைப்படும்போது இறக்கினார்கள்.

1986இல் 15ஆவது ஆளாக யூட்டா ஜாஸ் அணிக்குத் தேர்வான டெல், அடுத்த வருடமே கிளீவ்லாந்துக்குக் கைமாறினார். 1988இல் சார்லட் நகரில் ஹார்னெட்ஸ் என்ற புது அணி தொடங்கியபோது அங்கே போய்ச் சேர்ந்தார். பத்துப் பருவங்கள் அங்கேதான். 1994இல், பெஞ்சிலிருந்து இறங்கி ஆடுபவர்களில் சிறந்தவருக்கான விருது கிடைத்தது. 16 பருவங்கள், 1,245 மூன்று புள்ளி ஷாட்கள். சார்லட்டில் டெல் கர்ரி என்றால் தெரியாதவர் இல்லை.

கிளீவ்லாந்தில் இருந்த அந்த ஒரு பருவத்தில், 1988 மார்ச் 14 அன்று, பக்கத்து ஊரான ஆக்ரனில் மூத்த மகன் பிறந்தான். அப்பாவின் முழுப் பெயரையே அவனுக்கும் வைத்தார்கள்: வார்டெல் ஸ்டெஃபன் கர்ரி. அம்மா சோன்யா வெர்ஜீனியா டெக்கில் வாலிபால் ஆடியவர். அப்பா என்பிஏ வீரர், அம்மா வாலிபால் வீராங்கனை. மகன் நெடுநெடுவென வளர்ந்து நிற்பான் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பையன் வளரவில்லை. டெல்லின் கடைசிப் பருவங்கள் டொராண்டோவில் கழிந்தபோது குடும்பமும் கனடாவுக்குப் போனது. அங்கே பயிற்சி மைதானத்தில் வின்ஸ் கார்ட்டர் போன்ற நட்சத்திரங்களோடு ஸ்டெஃபன் பந்து போட்டு விளையாடினான். குறி அபாரம். ஆனால் உடம்பு பொடி. தோளில் வலு இல்லாததால் பந்தை இடுப்புக்குப் பக்கத்திலிருந்து உந்தித் தள்ளிக்கொண்டிருந்தான். சார்லட் திரும்பி உயர்நிலைப் பள்ளியில் ஆடியபோது, அப்பாவின் 30ஆம் எண் சட்டை தொளதொளவென்று தொங்கியதால் 20ஆம் எண்ணை மாட்டிக்கொண்டான்.

டெல் பார்த்துக்கொண்டே இருந்தார். 2004 கோடையில் மகனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இடுப்பிலிருந்து கிளம்பும் பந்தைக் கல்லூரியில் எவனும் தட்டிவிடுவான். தலைக்கு மேலே கொண்டுபோய் விடப் பழக வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருந்தது. பத்து வருடமாகப் பழகிய கையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது, வலக்கையால் சாப்பிட்டுப் பழகியவனை இடக்கையால் சாப்பிடச் சொல்வது போலத்தான். வீட்டுக் கொல்லையில் இருந்த மைதானத்தில் அந்தக் கோடை முழுக்க வதை. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு வளையத்துக்குக் கிட்டே நின்றால் ஒழியப் பந்து விழவில்லை. வாரக்கணக்கில் இப்படியே போனது. அழுதான். பக்கத்தில் நின்று பார்த்த தம்பி சேத்தாலேயே தாங்க முடியவில்லை. மகனிடம் இருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு, புதியது முளைக்குமா முளைக்காதா என்று காத்திருந்த தகப்பனின் துணிச்சல்தான் இந்தக் கதையில் எனக்கு எப்போதும் பெரியதாகத் தெரிகிறது.

முளைத்தது. கோடை முடிந்து பள்ளி திறந்தபோது, பந்து நெற்றிக்கு மேலிருந்து கிளம்பியது. அதுவும் எதிராளி கையைத் தூக்குவதற்குள் கிளம்பியது. இனி அப்பா படித்த கல்லூரி வாரி அணைத்துக்கொள்ளும் என்று குடும்பமே எதிர்பார்த்தது.

அப்பாவும் அம்மாவும் ஆடிய வெர்ஜீனியா டெக், உதவித்தொகை இல்லாமல் வேண்டுமானால் வந்து சேரலாம் என்றது. ஆறடியை எட்டியும் எட்டாத, ஒல்லியான அந்தப் பையனை நம்பி ஓர் இடத்தைக் கொடுக்கப் பெரிய கல்லூரிகள் எதுவும் தயாராக இல்லை. பிரபலமான அப்பாவின் பெயர் திறக்காத கதவு அது. கடைசியில் அழைத்தது, சார்லட்டுக்கு வடக்கே, இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரி. அதன் பயிற்சியாளர் பாப் மெக்கில்லப், ஸ்டெஃபனைச் சிறுவனாகவே அறிந்தவர். அவருடைய மகனும் ஸ்டெஃபனும் ஒரே பேஸ்பால் அணியில் ஆடியவர்கள்.

2006இல் டேவிட்சனுக்காக முதல் ஆட்டம். எதிரே ஈஸ்டர்ன் மிச்சிகன். ஸ்டெஃபன் 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். வேறொரு பயிற்சியாளராக இருந்தால் மறு ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்த்தியிருப்பார்.

மெக்கில்லப் இறக்கிவிட்டார். அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளிகள். அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. 2008 மார்ச்சில் தேசியக் கல்லூரிப் போட்டித்தொடரில், கொன்ஸாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்ஸினுக்கு எதிராக 33. யாருக்கும் பெயர் தெரியாத கல்லூரி பெரிய பெரிய பெயர்களை வரிசையாக வீழ்த்தியது. டெட்ராய்ட்டில் நடந்த ஆட்டங்களுக்கு மாணவர்கள் போய்வர பஸ், டிக்கெட், தங்கும் அறை எல்லாச் செலவையும் கல்லூரி அறங்காவலர்களே ஏற்றுக்கொண்டார்கள். காலிறுதியில் கன்சாஸிடம் 57-59 என்று இரண்டே புள்ளியில் தோற்றது டேவிட்சன். அந்தக் கன்சாஸ்தான் கோப்பையை வென்றது. அந்தப் பருவத்தில் ஸ்டெஃபன் போட்ட மூன்று புள்ளி ஷாட்கள் 162. கல்லூரி வரலாற்றில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை.

2009 ஜூன். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் என்பிஏ வீரர் தேர்வு. நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எட்டாவது வாய்ப்பு; அவர்கள் ஸ்டெஃபனுக்காகக் காத்திருந்தார்கள். கர்ரி குடும்பத்துக்கும் அதுவே விருப்பம். ஐந்தாவது, ஆறாவது வாய்ப்புகளைக் கையில் வைத்திருந்த மினசோட்டாவுக்குத் தேவை அவர் ஆடும் அதே இடத்துக்கான ஆள். இரண்டு முறையும் அதே இடத்துக்கு ஆள் எடுத்தார்கள், இரண்டு முறையும் வேறு ஆட்களை. இன்னும் ஒரே ஓர் அணி தாண்டினால் நியூயார்க். ஏழாவதாக எழுந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவர் பெயரைச் சொல்ல, அரங்கம் ஏமாற்றத்தில் கூச்சலிட்டது.

வாரியர்ஸ் அப்போது வருடக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்த அணி. அது போதாதென்று ஸ்டெஃபனின் வலது கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகியது. 2011இல் அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தில் 26 ஆட்டங்களோடு முடிந்தது. மறுபடியும் அறுவை சிகிச்சை. அப்பாவின் பெயரில் வந்தவன், கண்ணாடிக் கால்காரன் என்று பேச்சு கிளம்பியது. 2012 அக்டோபரில் நான்கு வருடத்துக்கு 4.4 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, வாரியர்ஸ் வீண் பணயம் வைக்கிறது என்றவர்கள் பலர்.

அந்தத் தொகைதான் பிறகு அணிக்கு அதிர்ஷ்டமானது. ஒரு பெரிய நட்சத்திரத்துக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவு அது. மிச்சத்தில் சுற்றிலும் நல்ல வீரர்களைச் சேர்க்க முடிந்தது. கணுக்காலின் சுமையை இடுப்பும் தொடையும் தாங்கும்படி உடம்பைப் புதிதாகப் பழக்கினார் ஸ்டெஃபன். 2013 பிப்ரவரி 27 அன்று, தன் பெயர் அறிவிக்கப்பட்டபோது ஏமாந்து கூச்சலிட்ட அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நிக்ஸுக்கு எதிராக 54 புள்ளிகள். கோட்டுக்கு வெளியிலிருந்து 13 முறை முயன்று 11 முறை விழுந்தது. அந்தப் பருவத்தில் மொத்தம் 272. ஒரே பருவத்தில் 269 என்ற ரே ஆலனின் சாதனை போனது. 2015இல் 286. அந்த வருடம் லீகின் சிறந்த வீரர் விருதும், 40 வருடங்களுக்குப் பிறகு வாரியர்ஸுக்குக் கோப்பையும் வந்தன. அடுத்த பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே அப்பாவின் 16 பருவக் கணக்கான 1,245ஐ மகன் தாண்டிவிட்டார்.

அப்புறம் வந்தது 2016 பிப்ரவரி 27. ஓக்லஹோமா சிட்டியில் ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் எதிரணி வீரர் ஒருவர் ஸ்டெஃபனின் கால்மேல் விழுந்தார். மறுபடியும் கணுக்கால். நொண்டிக்கொண்டே உள்ளே போனவர் திரும்பி வந்தார். கூடுதல் நேரத்தில் 118-118. பந்து ஸ்டெஃபனிடம். எதிரணியினர் கோட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள், அங்கே வரை அவர் வந்துதானே ஆக வேண்டும்! அவர் வரவில்லை. மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டிச் சில அடி வைத்ததும், வளையத்திலிருந்து ஏறத்தாழ 11 மீட்டர் தூரத்தில், பந்தைத் தலைக்கு மேல் தூக்கி விட்டார். கடிகாரத்தில் ஒரு நொடிகூட மிச்சம் இல்லாத நேரத்தில் அது விழுந்தது. அன்றிரவு மட்டும் 12 மூன்று புள்ளி ஷாட்கள். தன்னுடைய 286 சாதனையையும் அன்றே கடந்தார். பருவம் முடிந்தபோது எண்ணிக்கை 402.

இன்று உலகத்தின் எந்தக் கூடைப்பந்து மைதானத்தில் நின்றாலும், கோட்டிலிருந்து பல அடி பின்னால் நின்று, வளையத்தைப் பார்த்த மாத்திரத்தில் பந்தை வீசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தொலைதூர ஷாட் ஆட்டத்தோடு கூடப் பிறந்தது போலவே அவர்களுக்குத் தோன்றும். அது இப்படிப் பரவி வெகு காலம் ஆகவில்லை. கிராட்டோஸின் மண்தரை தீட்டிய குறி, கொல்லை மைதானத்தில் டெல் உயர்த்திவிட்ட கை, பெரிய கல்லூரிகள் வேண்டாம் என்ற ஒல்லி உடம்பு மூன்றும் சேர்ந்து கிடைத்தது அது. உயரமும் பலமும் இருந்திருந்தால் ஸ்டெஃபனும் வளையத்துக்கு அடியில் போய் முட்டி மோதியிருப்பார். அங்கே இடம் கிடைக்காததால்தான் பின்னால் பின்னால் போனார். அவரைப் பின்தொடர்ந்து மொத்த ஆட்டமும் வெளியே வந்தது. 1979இல் ஆட்டத்துக்கு மூன்றைத் தொடாத முயற்சிகள், இப்போது ஓர் அணிக்கு 35க்கும் மேல்.

2021 டிசம்பர் 14 அன்று மறுபடியும் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரே ஆலன் 1,300 ஆட்டங்களில் எட்டிய 2,973 மூன்று புள்ளி ஷாட்களை, ஸ்டெஃபன் தன் 789ஆவது ஆட்டத்தில் கடந்தார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. ரே ஆலனே அரங்கில் இருந்தார். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டெஃபன் அப்பாவிடம் போனார்.

2024 ஆகஸ்டில், 36 வயதில், முதல் ஒலிம்பிக்ஸ். பாரிஸ் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் நெருங்கி நெருங்கி வந்தபோது, கடைசி மூன்று நிமிடத்துக்குள் நான்கு முறை கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார். கடைசியாகப் போட்டது, எதிரே இரண்டு பேர் கையுயர்த்தி நின்றபோது. அமெரிக்காவுக்குத் தங்கம். தோற்ற பிரான்ஸ் அணியில் விக்டர் வெம்பன்யாமா என்ற இளைஞர் இருந்தார். ஏழடி நான்கு அங்குல உயரம். டெல் ஆடிய காலமாக இருந்தால் அவரை வளையத்துக்கு அடியிலேயே நிறுத்தியிருப்பார்கள். அவரும் கோட்டுக்கு வெளியே நின்றுதான் பந்தை வீசிக்கொண்டிருக்கிறார்.